ஜிடி 710 கார்டு, லினக்ஸ் மின்ட், திறக்காத ஸ்டீம் ஆட்டங்கள்: டிஸ்ட்ரோவை மாத்தணுமா?

செல்லூர்_பிரபா எழுதியது:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எங்க வீட்டு கம்ப்யூட்டர் 4ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், ஜிடி 710 2 ஜிபி கார்டு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு. 11 இதுல ஏறாது. டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்ல, பிராசஸரும் அவங்க பட்டியல்ல இல்ல. அப்பா துண்டு, லுங்கி யாவாரத்துக்கு ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் இதுலதான் பாக்குறாரு. அப்டேட் வராத விண்டோஸ்ல அதை விட்டுவைக்க மனசு வரல. அதனால லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். பிரிண்டர், தமிழ் டைப்பிங், நெட் எல்லாம் ஒழுங்கா ஓடுது.

தம்பியோட ஆட்டம்தான் நிக்குது. ஆட்டம் விக்கிற ஸ்டீம் தளத்துல ஸ்கைரிம் பழைய பதிப்பு, பேட்மேன் ஆர்க்கம் சிட்டி ரெண்டும் காசு குடுத்து வாங்குனது. பிளே அமுக்குனா 'ரன்னிங்'குனு மாறுது, சில நொடியில திரும்ப 'பிளே'ன்னே வந்து நிக்குது. எரர் எதுவும் காட்டல. யூரோ டிரக் 2 மட்டும் திறக்குது, ஆனா படம் விட்டு விட்டு நகருது. ஆட்டமெல்லாம் பழைய டி டிரைவ்லயே இருக்கு. வீட்டு நெட்ல மறுபடி இறக்குனா மாசக் கோட்டா காலியாயிரும்.

நெட்ல தேடுனா வேற டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் வகைக்கு) மாறுங்கிறாங்க. ஒருத்தர் பஸைட் போடுங்கிறாரு, ஒருத்தர் நோபரா, ஒருத்தர் கேச்சிஓஎஸ். எதுக்கு மாறுனா ஓடும்?


பைபாஸ்_பங்காளி எழுதியது:

மாப்ள, எதுக்கு இந்த அவஸ்தை? பழைய விண்டோஸையும் ஒரு ஓரமா டூயல் பூட் (ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டும்) போட்டு, ஆட்டத்துக்கு அங்கிட்டு, அப்பா வேலைக்கு இங்கிட்டுன்னு வச்சுக்க. நெட்டை மட்டும் விண்டோஸ்ல கட் பண்ணிரு.


யானைமலை_அடிவாரம் எழுதியது:

பங்காளி சொல்றது ஒரு வழிதான், ஆனா ஸ்டீமுக்கு நெட் வேணும். கட் பண்ணி வச்சுட்டு எத்தனை காலம் ஓட்டுறது?

பிரபா தம்பி, டிஸ்ட்ரோவை மாத்தாதே. நீ சொன்ன மூணுமே நல்லதுதான். ஆனா உன் சிக்கல் டிஸ்ட்ரோவுல இல்ல, அதனால எதுக்கு மாறுனாலும் இது கூடவே வரும். ஆட்டம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா எங்க அறுந்திருக்குன்னு நீயே கண்டுபிடிச்சிரலாம். அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

லினக்ஸ்ல விண்டோஸ் ஆட்டம் ஓடுறப்ப அடியில இருக்கிறது வைன்கிற சாஃப்ட்வேர். 1993-ல ஆரம்பிச்ச திட்டம், இன்னைக்கும் ஓடுது. விண்டோஸ் ஆட்டத்தோட இஎக்ஸ்இ ஃபைலை அது மெமரியில ஏத்தும். அதுக்குள்ள இருக்கிற பிராசஸர் கட்டளைகள் நேரா உன் ஐ5-லயே ஓடும். நடுவுல போலி கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஆட்டம் எப்பெல்லாம் விண்டோஸைக் கூப்பிட்டு 'இந்த ஃபைலைத் திற', 'இந்த விண்டோவை வரை'ன்னு கேக்குதோ, அப்பெல்லாம் வைன் தன்னோட சொந்த லைப்ரரியை வச்சுப் பதில் சொல்லும். நம்ம கோயிலுக்கு வர்ற வெளிநாட்டுக்காரர் கூடவே நின்னு பேசித் தர்ற கைடு மாதிரி. நடக்கிறது அவர் கால்தான், பேச்சு மட்டும் மாறுது. அதனாலதான் வேகம் பெருசாக் குறையிறதில்ல.

படம் வரையிறது தனிக் கதை. கார்டுகிட்டப் படம் வரையச் சொல்றதுக்கு விண்டோஸ் ஆட்டம் டைரக்ட்3டிங்கிற மொழி பேசும், லினக்ஸ்ல அது இல்ல. முன்ன வைன் அதை ஓபன்ஜிஎல்னு இன்னொரு மொழிக்கு மாத்திக்கிட்டு இருந்துச்சு, பல ஆட்டத்துல இழுக்கும். 2016-ல வல்கன்னு அதே வேலைக்குப் புது மொழி வந்துச்சு, அதுக்கு மேல பிலிப் ரெபோலே டிஎக்ஸ்விகேன்னு ஒண்ணு எழுதுனாரு. டைரக்ட்3டி 9, 10, 11 எல்லாத்தையும் வல்கனுக்கு மாத்தும். 12-க்கு விகேடி3டி-புரோட்டான்னு தனியா இருக்கு. 2018 ஆகஸ்ட்ல ஸ்டீம் நடத்துற வால்வ், வைன்ல வேலை பாக்குற கோட்வீவர்ஸ் கூட சேந்து வைன், டிஎக்ஸ்விகே எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி புரோட்டான்னு ஸ்டீமுக்குள்ளயே வச்சுட்டாங்க. நீ பிளே அமுக்குறப்ப இத்தனையும் வரிசையா எழும்புது.

அப்ப, உன் கார்டு வல்கன் பேசலைன்னா மேல இருக்கிற எதுவும் நிக்காது. யூரோ டிரக் 2-க்கு லினக்ஸ் பதிப்பே தனியா இருக்கு, அது ஓபன்ஜிஎல்லுலயே ஓடும். அதனாலதான் அது மட்டும் திறக்குது. மத்த ரெண்டும் புரோட்டான் வழியா வரணும், அங்க விழுது. இது நல்ல தடயம்.

வல்கன்-டூல்ஸ் பேக்கேஜ் போட்டு, டெர்மினல்ல வல்கன்இன்ஃபோவைச் சுருக்கம் மட்டும் காட்டச் சொல்லு. டிவைஸ் பேருன்னு என்ன வருது, வெர்ஷன் என்ன வருதுன்னு இங்க போடு. ஸ்டீமை எந்தப் பேக்கேஜ் வகையில போட்ட, டெப்பா, ஃபிளாட்பேக்கான்னும் சொல்லு.


செல்லூர்_பிரபா எழுதியது:

நன்றிண்ணே. ஸ்டீம் டெப்தான். வல்கன்இன்ஃபோ பாத்தேன். டிவைஸ் பேர்ல 'எல்எல்விஎம்பைப்'புன்னு ஒண்ணு மட்டும் வருது. ஜிடி 710 பேரே வரல.


யானைமலை_அடிவாரம் எழுதியது:

கிடைச்சிருச்சு. எல்எல்விஎம்பைப் கார்டே இல்ல, பிராசஸரை வச்சுப் படம் வரையிற சாஃப்ட்வேர். இப்ப உன் கார்டு, லினக்ஸ் கூடவே வர்ற நூவோ டிரைவர்ல ஓடுது. உன்னுது மாதிரி என்விடியா கெப்ளர் குடும்பக் கார்டை நூவோ தானா வேகம் கூட்டாது, பூட் ஆனப்ப இருந்த குறைஞ்ச கிளாக்லயே விட்டுரும். யூரோ டிரக் நகர்ந்து நகர்ந்து வர்றதும் அதனாலதான்.

மின்ட்ல டிரைவர் மேனேஜரைத் திற. என்விடியாவோட சொந்த டிரைவர் 470 வரிசை காட்டும், அதைப் போடு. கெப்ளருக்குக் கடைசி வரிசை அதுதான், 535, 550 எல்லாம் இந்தக் கார்டைத் தொடாது. கர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, மின்ட் 22 கூட வந்த 6.8-லயே இருக்கட்டும். ரொம்பப் புதுக் கர்னலுக்குத் தாவுனா 470 மாட்யூல் கம்பைல் ஆகாம நிக்க வாய்ப்பு இருக்கு. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா ரீஸ்டார்ட் ஆகுறப்ப நீல ஸ்கிரீன் வந்து சாவியைப் பதியவான்னு கேக்கும், பதிஞ்சிரு. அதைத் தவிர்த்துட்டுப் போனா டிரைவர் போட்டும் ஏறாது.

அடுத்தது முக்கியம். 470 டிரைவர்ல இந்தக் கார்டு பேசுறது வல்கன் 1.2. டிஎக்ஸ்விகே 2.0, 2022 நவம்பர்ல வந்தது, 1.3 கேக்கும். புரோட்டான் 8-ல இருந்து உள்ள இருக்கிறது அந்தப் புது டிஎக்ஸ்விகேதான். அதனால ஸ்டீம் தானா எடுக்கிற புது புரோட்டான்ல உன் ஆட்டம் திறக்காது. புரோட்டான் 7.0-ல பழைய 1.10 வரிசை இருக்கு, அதுக்கு உன் கார்டு போதும். ஆட்டத்து மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி போயி 7.0-ன்னு கட்டாயப்படுத்து. அதுவும் சரிவரலைன்னா, இந்த மாதிரிப் பழைய கார்டுக்குன்னே புரோட்டான்-சரேக்குன்னு ஒண்ணு பராமரிக்கிறாங்க.

ஒண்ணு கவனி: ஸ்கைரிமும் ஆர்க்கம் சிட்டியும் 32 பிட் ஆட்டம். டிரைவரோட 32 பிட் பாகம், பேர்ல ஐ386-ன்னு முடியும், அதுவும் ஏறியிருக்கான்னு பாரு. 64 பிட் ஆட்டம் ஓடி 32 பிட் மட்டும் சத்தமில்லாம விழுந்தா பெரும்பாலும் இதுதான்.


திருநகர்_மீனா எழுதியது:

யானைமலை அண்ணா டிரைவர் பகுதியை முழுசாச் சொல்லிட்டாங்க. நான் டி டிரைவ் பத்திச் சொல்றேன் பிரபா, ஏன்னா டிரைவர் சரியானதும் அடுத்து நீங்க மோதப்போற சுவர் அதுதான்.

டி டிரைவ் இருக்கிறது என்டிஎஃப்எஸ்ங்கிற விண்டோஸ் ஃபைல் அமைப்புல. புரோட்டான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு குட்டி விண்டோஸ் அமைப்பை உருவாக்கும், அதைப் பிரிஃபிக்ஸ்னு சொல்வோம். ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள்ள காம்பேட்டேட்டான்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஆட்டத்தோட எண் பேர்ல இருக்கும். அதுல சி டிரைவ், இசட் டிரைவ்னு முக்காற்புள்ளி வெச்ச பேர்ல சிம்லிங்க் (வேற இடத்தைக் காட்டுற குறுக்குவழி) போடும். விண்டோஸ் ஃபைல் பேர்ல முக்காற்புள்ளி வரக்கூடாது. என்டிஎஃப்எஸ் மவுண்ட் ஆகியிருக்கிற விதத்தைப் பொறுத்து, ஒண்ணு அந்த லிங்க் உருவாகாது, இல்லைன்னா உருவாகி, பின்னாடி யாராவது விண்டோஸ்ல டிஸ்க் செக் ஓட்டுறப்ப குழப்பமாகும். விண்டோஸ் சரியா மூடாம விட்ட டிரைவா இருந்தா லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்த கம்ப்யூட்டர்ல இது அடிக்கடி நடக்கும்.

கோட்டா காலியாகாம மாத்தலாம். லினக்ஸ் இருக்கிற இஎக்ஸ்டி4 (லினக்ஸோட ஃபைல் அமைப்பு) பகுதியில புது ஸ்டீம் லைப்ரரி வைங்க. டி டிரைவ்ல ஸ்டீம்ஆப்ஸ், காமன் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஆட்ட ஃபோல்டரை அப்படியே புது லைப்ரரியோட காமனுக்குள்ள காப்பி பண்ணுங்க. அப்புறம் ஸ்டீம்ல அந்த ஆட்டத்துக்கு இன்ஸ்டால் கொடுத்தா, ஏற்கனவே இருக்கிற ஃபைலைச் சரிபார்த்து, விட்டுப்போனதை மட்டும்தான் இறக்கும். எல்லாம் மாறினதும் டி டிரைவைக் காலி பண்ணி அதையும் இஎக்ஸ்டி4 ஆக்கிடலாம்.

இன்னொண்ணு, தம்பிகிட்டக் கட்டாயம் சொல்லுங்க. பல ஆட்டங்களோட சேவ் ஃபைல் அந்தப் பிரிஃபிக்ஸுக்குள்ள, ஸ்டீம்யூசர்ங்கிற பேர்ல இருக்கிற டாக்குமெண்ட்ஸ்ல உக்காந்திருக்கும். 'ஆட்டம் ஓடலையா, காம்பேட்டேட்டாவை அழி'ன்னு நெட்ல நிறையப் பேர் எழுதுறாங்க. ஸ்டீம் கிளவுட் இல்லாத ஆட்டமா இருந்தா அதோட சேவும் போயிரும். ஸ்கைரிம் மாதிரி மாசக்கணக்குல ஆடுற ஆட்டத்துக்கு அது பெரிய இழப்பு. அழிக்கிறதுக்கு முன்னாடி அந்த டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத் தனியா எடுத்து வைங்க.


மேலூர்_மணி எழுதியது:

நல்ல இழை. நான் மேலூர்ல சின்னதா கேமிங் சென்டர் வச்சிருக்கேன். சிஸ்டம் எல்லாம் விண்டோஸ் 10-லதான் இருக்கு. எல்லாத்தையும் லினக்ஸுக்கு மாத்துனா லைசென்ஸ் செலவு மிச்சம். வர்ற பசங்க வலோரன்ட், ஜிடிஏ ஆன்லைன், கவுண்டர்-ஸ்டிரைக் 2 இந்த மூணுதான் ஆடுறாங்க. அந்த இசட் டிரைவ், பிரிஃபிக்ஸ் எல்லாம் நான் பாத்துக்குவேன். வலோரன்டுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?


வைகை_வடகரை எழுதியது:

மணி, இதில் உங்கள் பிழைப்பு இருக்கிறது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். வலோரன்டுக்கு வழி இல்லை. அதை நம்பி சென்டரை மாற்றாதீர்கள்.

காரணம் இதுதான். வலோரன்டோடு வரும் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு, விண்டோஸின் கர்னலுக்குள் ஒரு டிரைவராக, கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதே ஏறி உட்காருகிறது. வைன் தருவது விண்டோஸ் நிரல்களுக்கு வேண்டிய லைப்ரரிகளை. அதற்குள் விண்டோஸ் கர்னல் கிடையாது. ஏறுவதற்கு இடமே இல்லாதபோது எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. விர்ச்சுவல் மெஷினுக்குள் விண்டோஸ் வைத்து ஓட்டலாமா என்றும் கேட்பீர்கள். வேன்கார்ட் அதையும் ஏற்பதில்லை. அதே நிறுவனத்தின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பல ஆண்டுகள் வைனில் ஓடிக்கொண்டிருந்தது. 2024-இல் அதற்கும் வேன்கார்டைக் கொண்டுவந்தார்கள், அத்தோடு நின்றது.

ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற மற்ற இரண்டு ஏமாற்றுத் தடுப்புகளும் வேறு வகை. 2021-லிருந்து இவை புரோட்டானில் வேலை செய்ய வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கதவைத் திறக்க வேண்டியது ஆட்டத்தை உருவாக்கியவர்கள். திறந்தவர்கள் மூடவும் செய்கிறார்கள். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடியது. 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸ்காரர்களுக்கு அடைத்துவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்ததிலிருந்து லினக்ஸில் சேர விடுவதில்லை. ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி மட்டும் தனியாக ஓடும். உங்கள் மூன்றில் மிஞ்சுவது கவுண்டர்-ஸ்டிரைக் 2. அதற்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது.

இதைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. டிஎக்ஸ்விகேயும் வைனும் எழுதியவர்கள் செய்தது நுட்பமான வேலை. கடினமான பகுதியை அவர்கள் ஏற்கனவே முடித்துவிட்டார்கள். இங்கே தடையாக நிற்பது ஒரு நிறுவனத்தின் முடிவு. அதை நாம் இரவு முழுக்க உட்கார்ந்து டெர்மினலில் தட்டிச் சரிசெய்ய முடியாது. தாண்ட வைக்கிறேன் என்று சொல்லும் ஸ்கிரிப்ட்களை உங்கள் சென்டர் பையன்களின் கணக்கில் ஓட்டிவிடாதீர்கள், தடை விழுவது அவர்கள் கணக்குக்கு. எந்த ஆட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று 'ஆர் வி ஆன்டி-சீட் யெட்' தளத்தில் பாருங்கள். தனியாள் ஆட்டங்களுக்குப் புரோட்டான்டிபி. அதில் ஆளாளுக்கு எந்தக் கார்டில் எந்தப் புரோட்டானில் ஓட்டினார்கள் என்று எழுதியிருப்பார்கள். பிளாட்டினம், கோல்டு என்ற மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், உங்கள் கார்டு உள்ளவர் என்ன எழுதினார் என்று படியுங்கள்.


மேலூர்_மணி எழுதியது:

புரிஞ்சுதுங்கய்யா. அப்ப சென்டர் சிஸ்டமெல்லாம் விண்டோஸ்லயே இருக்கட்டும். பில் போடுற கம்ப்யூட்டரை மட்டும் மின்டுக்கு மாத்திக்கிறேன்.


உசிலை_குமரன் எழுதியது:

பிரபா, உன் தம்பி பென்டிரைவ்ல வர்ற பழைய ஆட்டமும் ஆடுவானா? அப்படின்னா இதைக் குறிச்சுக்க. எங்க வீட்டுல வைன்ல ஒரு பழைய ஆட்டம் திறக்கவே மாட்டேன்னுச்சு. வைன், டிஎக்ஸ்விகே எல்லாத்தையும் நோண்டிப் பாத்தாச்சு. கடைசியில ஃபோல்டர் பேருதான் காரணம். 'புதிய ஆட்டங்கள்'னு தமிழ்ல வச்சிருந்தோம். ஆங்கில எழுத்துல பேரை மாத்துனதும் திறந்துருச்சு.

ஏன்னா, யூனிகோடுக்கு முந்தின காலத்து ஆட்டங்க ஃபைல் பாதையை அந்தந்த மொழிக்கான பழைய கோடு பேஜ் (எழுத்துக்கு எண் குடுக்கிற பட்டியல்) வழியாத்தான் படிக்கும். தமிழுக்கு விண்டோஸ்ல அப்படி ஒரு கோடு பேஜே குடுக்கல, நேரா யூனிகோடுதான். அதனால தமிழ் எழுத்தெல்லாம் அந்த ஆட்டத்துக்குக் கேள்விக்குறியா மாறிப்போகுது, பாதை கிடைக்காது. நிஜ விண்டோஸ்லயும் இதே கதைதான். ஆட்டம் இருக்கிற பாதை முழுக்க ஆங்கில எழுத்தா இருக்கட்டும்.

அந்தக் காலத்து டிவிடி ஆட்டங்கள்ல சேஃப்டிஸ்க்குங்கிற காப்பித் தடுப்புப் பூட்டு இருந்தா வைன்ல முட்டி மோத வேணாம். விண்டோஸ் 10-லயே அந்த டிரைவரை மைக்ரோசாஃப்ட் எடுத்துட்டாங்க. அதே ஆட்டம் ஜிஓஜி தளத்துல இருந்தா வாங்கிரு, அங்க பூட்டே கிடையாது. லினக்ஸ்ல ஹீரோயிக் லாஞ்சர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஜிஓஜி, எபிக் ரெண்டு கடைக் கணக்கும் போட்டுக்கலாம்.


பைபாஸ்_பங்காளி எழுதியது:

பென்டிரைவ் ஆட்டம்னு எடுத்ததால கேக்குறேன். கிராக் பண்ணுன ஆட்டத்துல வைரஸ் இருந்தாலும் லினக்ஸ்ல ஒண்ணும் ஆகாதுல்ல?


வைகை_வடகரை எழுதியது:

ஆகும். இதை நான் எங்கே பார்த்தாலும் மறுத்துச் சொல்வேன், ஏனென்றால் இந்த நம்பிக்கையில்தான் ஆட்கள் எதையும் ஓட்டிவிடுகிறார்கள்.

வைன் பிரிஃபிக்ஸில் இசட் டிரைவ் என்று ஒன்று இருக்கிறது என மீனா சொன்னார் அல்லவா, அது காட்டுவது உங்கள் லினக்ஸின் முழு ஃபைல் அமைப்பை. வைனுக்குள் ஓடும் நிரலுக்கு, அதை ஓட்டும் யூசருக்கு இருக்கிற அத்தனை உரிமையும் உண்டு. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் விண்டோஸ் வைரஸ் ஒன்றை வைனில் திறந்தால், அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் படங்களையும் கணக்குகளையும் பூட்டிவிடும். லினக்ஸ் சிஸ்டம் ஃபைல்களைத் தொட முடியாதுதான். ஆனால் மறுபடி இன்ஸ்டால் செய்து மீட்க முடியாதவை ஹோம் ஃபோல்டரில் தானே இருக்கின்றன.

பிரபா, உங்கள் அப்பாவின் ஜிஎஸ்டி ஃபைல்கள் அதே கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவருக்குத் தனி யூசர் கணக்கு போட்டு, அவருடைய ஹோம் ஃபோல்டரை மற்ற யூசர்கள் படிக்க முடியாதபடி உரிமையை மாற்றுங்கள். தம்பி ஆடுவது இன்னொரு கணக்கில். அந்தக் கணக்குக்கு சூடோ (நிர்வாகி) உரிமை தர வேண்டாம். கிராக் ஆட்டம் வீட்டுக்குள் வரவே வேண்டாம். ஸ்டீமில் ரூபாய் விலை போட்டிருக்கிறார்கள், யுபிஐ எடுத்துக்கொள்கிறது, தள்ளுபடிக் காலத்தில் பழைய ஆட்டங்கள் மலிவாக வருகின்றன. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். லினக்ஸில் ஓடுமா என்று சோதிக்க அந்த 2 மணி நேரம் தாராளமாகப் போதும்.


செல்லூர்_பிரபா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 470 போட்டேன், சாவியும் பதிஞ்சேன். வல்கன்இன்ஃபோவுல இப்ப ஜிடி 710 பேரு வருது, வெர்ஷன் 1.2. மீனாக்கா சொன்ன மாதிரி ரெண்டு ஆட்டத்தையும் இஎக்ஸ்டி4-க்குக் காப்பி பண்ணி இன்ஸ்டால் குடுத்தேன், கொஞ்சூண்டுதான் இறங்குச்சு. புரோட்டான் 7.0-ல ஸ்கைரிம் திறந்துருச்சு! லோ செட்டிங்ல 720பி ரெசல்யூஷன்ல வச்சா ஆடுற மாதிரி இருக்கு. யூரோ டிரக்கும் இப்ப வழுக்கிக்கிட்டுப் போகுது. அப்பாவுக்குத் தனி யூசர் போட்டாச்சு.

ஆர்க்கம் சிட்டியும் திறக்குது, ஆனா புது இடத்துக்குப் போறப்பெல்லாம் ஒரு நொடி உறையுது. இதுக்கு என்ன பண்ணலாம்ணே? அப்புறம், பழைய கார்டு ஒண்ணு வாங்கலாம்னு அப்பா சொல்லிட்டாரு. மதுரை டவுன்ஹால் ரோட்டுல தேடுறேன். எதைப் பாக்கணும்?


யானைமலை_அடிவாரம் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. உறையிறது ஷேடர், அதாவது காட்சியை வரையிற குட்டி நிரல், கம்பைல் ஆகுறதால. ஒரு காட்சி மொத தடவை வர்றப்ப கார்டுக்கு ஏத்த மாதிரி ஷேடரைத் தயார் பண்ணுது, அடுத்த தடவை அதே இடத்துல உறையாது. ஸ்டீம் செட்டிங்ல ஷேடர் பிரீ-கேச்சிங் ஆன்ல வை, ஆட்டம் திறக்குமுன்னயே கொஞ்சம் முடிச்சு வச்சுரும். டிஎக்ஸ்விகே 2 இதைப் பெருமளவு தீர்த்துருச்சு, அதுக்கு வல்கன் 1.3 கார்டு வேணும். ஆர்க்கம் சிட்டி லாஞ்சர்ல டைரக்ட்எக்ஸ் 11-ஐ ஆஃப் பண்ணி 9-ல வச்சுக்க, இந்தக் கார்டுக்கு அது லேசா இருக்கும்.

கார்டு விஷயத்தை அந்த ரோட்டுல சர்வீஸ் பாக்குறவர் ஒருத்தர் இங்க இருக்காரு, அவரே சொல்லட்டும்.


மாசிவீதி_சர்வீஸ் எழுதியது:

தம்பி, மொதல்ல எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி. கேபினெட்டைத் திறந்து அதோட லேபிளைப் பாரு. எத்தனை வாட், 12 வோல்ட் லைன்ல எத்தனை ஆம்பியர், கார்டுக்குப் போற 6 பின், 8 பின் ஒயர் இருக்கான்னு. இது தெரியாம கார்டு பேச முடியாது.

ஒயர் இல்லாத பெட்டின்னா ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட், 1050 டிஐ 75 வாட், ஸ்லாட்ல வர்ற கரண்ட்டே போதும். சில கம்பெனி மாடல்ல தனியா ஒயர் கேக்கும், பாத்து எடு. ரெண்டும் வல்கன் 1.3 பேசும், புதுப் புரோட்டான் ஓடும். ஆனா இந்த ரெண்டு குடும்பத்துக்கும் 580 டிரைவர் வரிசைதான் கடைசின்னு என்விடியா சொல்லிட்டாங்க. வாங்குறப்ப அதைக் கணக்குல வச்சுக்க.

450 வாட்டுக்கு மேல நல்ல எஸ்எம்பிஎஸ், 8 பின் இருந்துச்சுன்னா ஆர்எக்ஸ் 570 பாரு. லினக்ஸுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். டிரைவர் கர்னல்லயும், லினக்ஸ் கூடவே வர்ற மெசாங்கிற கிராஃபிக்ஸ் தொகுப்புலயும் சேர்ந்தே வருது, தனியாப் போடுற வேலையே இல்ல. கிரிப்டோ மைனிங்ல ஓடுன கார்டு நிறையச் சுத்துது. ஃபேன் ஆடுதா, பின்பக்கம் போர்டு நிறம் மாறியிருக்கா, ஸ்குரூ தலை தேஞ்சிருக்கான்னு பாரு. ஆபீஸ்ல இருந்து வந்த ஒல்லி கேபினெட்னா உயரம் கம்மியான லோ புரொஃபைல் கார்டுதான் உள்ள போகும், அளவு எடுத்துக்க.

காசு குடுக்குமுன்ன மின்ட் போட்ட பென்டிரைவ் ஒண்ணு எடுத்துட்டு வா, வல்கன்-டூல்ஸ் பேக்கேஜையும் அதுலயே இறக்கி வச்சுக்க. ஆர்எக்ஸ் மாதிரி ஏஎம்டி கார்டுன்னா லைவ்ல (பென்டிரைவ்ல இருந்தே) பூட் பண்ணி வல்கன்இன்ஃபோ ஓட்டுனா அங்கேயே கார்டு பேரு வந்துரும். என்விடியான்னா லைவ்ல நூவோதான் ஏறும், அதுல தெரியாது. கடைக்காரர்கிட்ட விண்டோஸ் சிஸ்டத்துல மாட்டி அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லு. ஞாயித்துக்கிழமை பாதிக் கடை சாத்தியிருக்கும், சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல வா.